குணம் குருதியில் வருவதா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஷவ்வால் மாதத்தில் நாம் பணியாற்றும் அரபுக் கல்லூரியில் மாணவர் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாய்மாமன் அழைத்து வந்திருந்தார். சிறுவனின் தந்தை அடிதடி வழக்கொன்றில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார். பாட்டனாரும் ஊரில் முரடர் எனப் பெயரெடுத்தவர். நிர்வாகக் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், “விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும், ஹஜ்ரத்? அந்தக் குடும்பத்து இரத்தமே அப்படி” என்று தயங்கினார். “பிறப்பில் என்ன இருக்கிறது, ஹாஜியார்? எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது” என்று நாம் மறுத்துரைத்தோம். சிறுவன் சேர்த்துக்கொள்ளப்பட்டான். வாதத்தில் நாம் வென்றுவிட்டதாகவே அன்று எண்ணினோம்.

நம் மொழியில் இவ்விரு கருத்துக்கும் பழமொழி உண்டு. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது ஒன்று. ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது மற்றொன்று. முன்னது பிறப்பையும் பின்னது வளர்ப்பையும் முதன்மைப்படுத்துகின்றன. மரபியலும் நரம்பியலும் கடந்த முப்பது ஆண்டுகளில் கண்டறிந்தவற்றைப் பொறுமையாகப் பயிலும்போது, ஹாஜியார் சொன்னதும் நாம் சொன்னதும் ஆளுக்குப் பாதி உண்மைகளே என்பது விளங்குகிறது. பாதி உண்மையை முழு உண்மையாகக் கொண்டால் நேரும் தீங்கு சிறிதன்று. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபணுவின் வேலை

மனித உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் உள்ளன. இவற்றில் பாதி தாய்வழி வந்தவை. பாதி தந்தைவழி வந்தவை. இக்குரோமோசோம்களில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருட்டி வைக்கப்பட்டுள்ளது. புரதங்களை உருவாக்குவதற்கான குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் மனிதனிடம் ஏறத்தாழ 20,000 உள்ளன. இவ்வெழுத்துகளை வரிசையாகப் படித்தறியும் பன்னாட்டுத் திட்டம் 2003-ஆம் ஆண்டில் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அப்போது விடுபட்டிருந்த பகுதிகளும் 2022-இல் படித்து முடிக்கப்பட்டன.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். மரபணு என்பது புரதம் ஒன்றைச் செய்வதற்கான குறிப்பேயன்றி வேறன்று. கோபத்துக்கென்றோ, கொடைக்கென்றோ, களவுக்கென்றோ தனி மரபணு கிடையாது. மரபணு புரதத்தை ஆக்குகிறது. புரதம் நரம்பணுவின் அமைப்பிலும் அதன் வேதிப்பொருள்களிலும் பங்குகொள்கிறது. ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து மூளையாகின்றன. அம்மூளையை உடைய மனிதன் ஒரு வீட்டில், ஒரு தெருவில், ஒரு காலத்தில் வாழ்கிறான். அங்கே அவன் ஒன்றைச் செய்கிறான். மரபணுவிலிருந்து செயல் வரை உள்ள பாதை இத்துணை நீளமானது. பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு காரணிகள் வந்து சேர்கின்றன.

மரபணுவின் விளைவு உறுதியானதாகவே இருந்தாலும் அது மாற்றவியலாத விதியாகிவிடாது என்பதற்கு ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பரம்பரை நோய் தெளிவான சான்று. இந்நோயுடன் பிறக்கும் குழந்தையின் உடலில் ஒரு நொதி வேலை செய்வதில்லை. உணவிலுள்ள ஃபீனைல்அலனின் என்னும் பொருள் சிதையாமல் தேங்கி, மூளையைப் பாதிக்கிறது. நார்வே நாட்டு மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் 1934-இல் இந்நோயை இனங்கண்டார். அக்காலத்தில் இது கடுமையான மனவளர்ச்சிக் குறைவில் முடிந்தது. இன்று பிறந்த சில நாள்களில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்து, அப்பொருள் குறைந்த உணவைத் தொடக்கத்திலிருந்தே கொடுத்து வந்தால், அக்குழந்தை பிற குழந்தைகளைப் போலவே அறிவு வளர்ச்சி பெறுகிறது. மரபணு மாறவில்லை. உணவு மாறியது, முடிவும் மாறியது.

ஒரு டச்சுக் குடும்பம்

நடத்தைக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வரலாற்றிலிருந்தே தொடங்குவர். நெதர்லாந்து நாட்டின் நைமேகன் நகர மருத்துவமனைக்கு 1978-இல் ஒரு பெண்மணி வந்தார். தம் குடும்பத்து ஆண்களில் பலர் காரணமின்றிச் சீறி எழுவதும், தாக்குவதும், தீ வைப்பதுமாக இருப்பதை எடுத்துரைத்து, இது தம் பிள்ளைகளுக்கும் வருமோ என்று கவலைப்பட்டார். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், 1960-களிலேயே இந்நிலை யார் யாருக்கு இருந்தது என்பதைக் குடும்ப மரமாக வரைந்து வைத்திருந்தார். அதை நோக்கினால் பாதிப்பு ஆண்களுக்கு மட்டுமே வருவதும், தாய்வழியே வருவதும் புலனாயின.

மருத்துவர் ஹான் புருன்னரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் ஆய்ந்து, 1993-இல் காரணத்தை வெளியிட்டனர். எக்ஸ் குரோமோசோமில் அமைந்த எம்.ஏ.ஓ.ஏ. என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. செரட்டோனின், டோபமின், நார்அட்ரினலின் முதலிய மூளை வேதிப்பொருள்களை வேலை முடிந்தபின் சிதைப்பது இம்மரபணு ஆக்கும் நொதியின் பணி. அந்த ஆண்களிடம் அந்நொதி அறவே இல்லை. பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருப்பதால் ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று ஈடு செய்கிறது. ஆண்களுக்கு அவ்வாய்ப்பில்லை.

இச்செய்தி பரவியதும் ‘வன்முறை மரபணு கண்டுபிடிக்கப்பட்டது’ எனப் பலரும் பேசத் தலைப்பட்டனர். ஆனால் இப்பழுது மிக மிக அரிது. பின்னர் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களிலேயே இது காணப்பட்டுள்ளது. அக்குடும்பத்து ஆண்களிடம் இருந்தது வன்முறை மட்டுமன்று. அறிவு வளர்ச்சிக் குறைவும் உடனிருந்தது. ஊரில் நாம் காணும் முரடர்களை இப்பழுதைக் கொண்டு விளக்க முடியாது.

டனீடின் நகரத்துப் பிள்ளைகள்

அதே மரபணுவின் வேறொரு வேறுபாடு பரவலாகக் காணப்படுகிறது. சிலரிடம் இம்மரபணு முழு வேகத்தில் நொதியை ஆக்குகிறது. சிலரிடம் குறைந்த வேகத்தில் ஆக்குகிறது. ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் குறைவேக வகையினர். இது நோயன்று, கண்ணின் நிறம் வேறுபடுவதைப் போன்ற இயல்பான வேறுபாடேயாகும்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த 1,037 குழந்தைகளைச் சிறுவயது முதல் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். அவர்கள் எப்படி வளர்க்கப்பட்டனர், அடிக்கப்பட்டனரா, புறக்கணிக்கப்பட்டனரா, பெரியவர்களான பின் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பன யாவும் பதிவு செய்யப்பட்டுள்ளன. அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் முதலியோர் 442 ஆண்களின் மரபணுவைச் சோதித்து 2002-இல் முடிவை வெளியிட்டனர்.

குறைவேக வகை மரபணு இருந்தும் குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளாகாதவர்கள் மற்றவர்களைவிட அதிக வன்முறையாளர்களாக ஆகவில்லை. குறைவேக வகையும் இருந்து, கொடுமைக்கும் ஆளானவர்களே வேறுபட்டு நின்றனர். இவ்விரண்டும் சேர்ந்தவர்கள் அக்கூட்டத்தில் 12 விழுக்காட்டினர்தாம். ஆனால் வன்முறைக் குற்றங்களுக்காக வழங்கப்பட்ட தண்டனைகளில் 44 விழுக்காடு அவர்களுக்கு உரியதாக இருந்தது. முழுவேக வகையினர் கொடுமைக்கு ஆளானபோது பாதிப்பு ஓரளவு குறைந்தே காணப்பட்டது.

இதன் பொருளை நிதானமாக நோக்க வேண்டும். பிறப்பே எல்லாம் என்றால் மரபணு தனித்தே குற்றத்தை விளைத்திருக்க வேண்டும்; அவ்வாறு விளைக்கவில்லை. வளர்ப்பே எல்லாம் என்றால் ஒரே கொடுமை எல்லாரையும் ஒரே அளவில் கெடுத்திருக்க வேண்டும், அவ்வாறும் நிகழவில்லை. ஒரே அடி சிலருக்கு உடலில் படுகிறது. சிலருக்கு உள்ளத்தின் அடியாழம் வரை செல்கிறது. மரபணு முடிவு செய்வது குணத்தையன்று. சூழல் எத்துணை ஆழமாகப் பதியும் என்பதையே அது ஓரளவு முடிவு செய்கிறது எனலாம்.

இவ்வாய்வையும் வேதவாக்காகக் கொள்ளலாகாது. இதனைத் தொடர்ந்து ஒற்றை மரபணுவைச் சூழலோடு பொருத்திப் பல ஆய்வுகள் வெளிவந்தன. அவற்றுள் பல, மீண்டும் சோதித்தபோது நிலைக்கவில்லை. எம்.ஏ.ஓ.ஏ. பற்றிய முடிவு மட்டும், 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, ஆண்களைப் பொறுத்தவரை ஓரளவு தாக்குப்பிடித்து நின்றது. இன்றைய மரபியல் ஒற்றை மரபணுவைத் தேடும் பழக்கத்தைப் பெரிதும் கைவிட்டுவிட்டது. காட்டாக, ஒருவர் எத்தனை ஆண்டுகள் கல்வி கற்கிறார் என்பதோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகளைத் தேடி 2022-இல் வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ 30 இலட்சம் பேரின் தரவுகளைப் பயன்படுத்தியது. அதில் 3,952 வேறுபாடுகள் இனங்காணப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மணல் துகள் அளவே. மரபணுத் தொகுப்பு முழுவதையும் கணக்கிட்டும், மனிதர்களுக்கு இடையிலான கல்வி வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காட்டையே அதனால் விளக்க முடிந்தது. அதுவும் ஐரோப்பிய வழியினரைப் பொறுத்த கணக்கு. பிற இனத்தாருக்கு அதைப் பொருத்தினால் கணிப்பின் வலிமை பெரிதும் குன்றிவிடுகிறது.

மூளையை வடிக்கும் மடி

இனி மூளையைக் காண்போம். மரபணு மூளைக்கு ஒரு வரைவைத் தருகிறது. கட்டி முடிப்பதில் அனுபவத்துக்கும் பெரும் பங்குண்டு. பிறந்த குழந்தையின் மூளையில் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் முதல் சில ஆண்டுகளில் மிக வேகமாகப் பெருகுகின்றன. பயன்படுத்தப்படும் இணைப்புகள் உறுதிப்படுகின்றன, பயன்படாதவை கழிகின்றன. பேச்சைக் கேட்டும், முகத்தைப் பார்த்தும், அழுதால் தூக்குவார் உண்டு என்று உணர்ந்தும் குழந்தையின் மூளை தன்னை அமைத்துக்கொள்கிறது.

இவை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ருமேனியா நாட்டின் துயர வரலாறு காட்டியது. சௌஷெஸ்குவின் ஆட்சி 1989 டிசம்பரில் வீழ்ந்தபோது, அந்நாட்டின் அரசு இல்லங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். அவர்களுக்கு உணவும் படுக்கையும் இருந்தன. எடுத்து அணைக்கும் கைகள் இல்லை. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய அறிஞர்கள் 2000-ஆம் ஆண்டையொட்டி புக்காரெஸ்ட் நகரின் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினர். குலுக்கல் முறையில் பாதிப்பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர்.

நான்கரை வயதில் சோதித்தபோது, இல்லத்திலேயே இருந்த குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு 73. வளர்ப்புக் குடும்பத்துக்குச் சென்றவர்களின் ஈவு 81. பெற்றோருடனேயே வளர்ந்த ருமேனியக் குழந்தைகளின் ஈவு 109. இரண்டு வயதுக்கு முன்னர்க் குடும்பத்துக்குச் சென்றவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தேறினர். மூளையின் மின்னலைகளிலும் அவ்வேறுபாடு தெரிந்தது. குலுக்கலில் பிரிக்கப்பட்டதால், இரு சாரார்க்கும் மரபணுவில் வேறுபாடு இருக்கக் காரணமில்லை. வேறுபட்டது மடி ஒன்றே.

முதிர்ந்த மூளையும் மாறாத கல்லன்று. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 1848-ஆம் ஆண்டு இருப்புப்பாதைத் தொழிலாளி ஃபினியஸ் கேஜின் தலையை வெடியினால் தெறித்த இரும்புக்கோல் ஒன்று துளைத்துச் சென்றது. மூளையின் முன்பகுதி சிதைந்தது. உயிர் பிழைத்த அவர், முன்பிருந்த நிதானத்தை இழந்து பண்பற்றவராக மாறினார் என்று மருத்துவர் பதிவு செய்தார். குணம் மூளையில் தங்கியுள்ளது என்பதற்குச் சான்றாக இவ்வரலாறு நூல்கள்தோறும் கூறப்படுகிறது. ஆனால் கதையின் பிற்பாதியை எழுதுவோர் குறைவு. அவர் பின்னர்ச் சிலி நாட்டுக்குச் சென்று பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டும் பொறுப்பான பணியைச் செய்தார். ஒழுங்கான அன்றாட வேலை அவரை ஓரளவு சீர்ப்படுத்தியது எனப் பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இரத்தத்தின் மீது பழி

பாதி உண்மையை அரசுகள் முழு உண்மையாகக் கொண்டபோது நிகழ்ந்தவற்றை வரலாறு பதிந்து வைத்துள்ளது. மெண்டல் தம் பட்டாணிச் செடி ஆய்வை வெளியிட்டது 1866-இல். 1900 வரை உலகம் அதைக் கவனிக்கவில்லை. மரபணு என்னும் சொல்லே பிறக்காத 1871-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. குறிப்பிட்ட சாதியிலும் குழுவிலும் பிறந்தவர் பிறப்பினாலேயே குற்றவாளியாகக் கருதப்பட்டார். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். நாடு முழுவதும் இச்சட்டம் நீங்கியது 1952-இல்தான். சட்டம் போனபின்னும் அப்பெயர் அம்மக்களை விட்டு எளிதில் போகவில்லை.

இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1883-இல் ‘யூஜெனிக்ஸ்’ என்னும் பெயரால் இனமேம்பாட்டுக் கொள்கையை முன்வைத்தார். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அது சட்டமாயிற்று. வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்னும் இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1927-இல் தீர்ப்பளித்தது. தாய், மகள், பேத்தி ஆகிய மூன்று தலைமுறையினரும் அறிவுக் குறைவுடையோர் என்பது அரசின் வாதம். பேத்தியோ அப்போது கைக்குழந்தையாக இருந்தபோதே அவ்வாறு முத்திரை குத்தப்பட்டவள். அக்குழந்தை பின்னாளில் பள்ளியில் சேர்ந்து சிறந்த மாணவியர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோயுற்று இறந்தாள். அமெரிக்காவில் 60,000-க்கும் மேற்பட்டோர் இத்தகைய சட்டங்களால் கருத்தடைக்கு ஆளாயினர். ஜெர்மனியில் நாஜி அரசு 1933-இல் இயற்றிய சட்டத்தின் கீழ் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் ஆளாயினர்.

இக்காலம் கடந்துவிட்டது என்று எண்ண வேண்டா. எம்.ஏ.ஓ.ஏ. மரபணுவின் குறைவேக வகைக்கு 2004-இல் ‘போர்வீரன் மரபணு’ என்று பெயர் சூட்டினர். நியூசிலாந்தின் மாவோரி இன ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வகையினர் என்று 2006-இல் ஓர் ஆய்வாளர் கூறியதும், அவ்வினத்தாரின் வன்முறைக்கு இதுவே காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. மாவோரி மக்கள் கொதித்தெழுந்தனர். சீன ஆண்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அதே வகையினர்தாம்; அவர்களைப் போர்வீரர் இனம் என்று எவரும் எழுதவில்லை. நிலமிழந்து வறுமையுற்ற இனத்தின் துன்பத்துக்கு விடை தேடும்போது மட்டும் மரபணு கண்ணில் படுகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நீதிமன்றத்தில் மரபணு

மறுபுறம், அதே மரபணு குற்றவாளிக்குக் கேடயமாகவும் நிறுத்தப்பட்டது. இத்தாலியின் உதினே நகரில் 2007-இல் அல்ஜீரியர் ஒருவர், தம் கண்ணில் தீட்டியிருந்த சுர்மாவைக் கேலி செய்த தகராற்றில், வேறொரு மனிதரைக் குத்திக் கொன்றார். மனநலக் குறைவைக் கருத்திற்கொண்டு கீழ் நீதிமன்றம் அவருக்கு ஒன்பது ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டின்போது அவருடைய மரபணு சோதிக்கப்பட்டு, குறைவேக எம்.ஏ.ஓ.ஏ. இருப்பது காட்டப்பட்டது. த்ரியெஸ்தே நீதிமன்றம் 2009-இல் தண்டனையை மேலும் ஓராண்டு குறைத்தது.

பிரிட்டன் மரபியலாளர் ஸ்டீவ் ஜோன்ஸ் அப்போது ஒரு வினாவை எழுப்பினார். கொலைகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்வோர் ஆண்களே; அப்படியானால் ஒய் குரோமோசோம் இருப்பதற்காக ஆண்கள் அனைவருக்கும் தண்டனையைக் குறைக்கலாமா? இவ்வினா நியாயமானதே. மூவரில் ஒருவரிடம் உள்ள ஒரு வேறுபாடு எவரையும் பொறுப்பிலிருந்து விடுவிக்க முடியாது. டனீடின் ஆய்வை நம்புவதாயின், மரபணுவோடு அம்மனிதரின் குழந்தைப் பருவத்தையும் அளந்தாக வேண்டும். பின்னது இன்றி முன்னதற்குப் பொருளில்லை. அன்றியும் இக்கேடயம் இருபுறமும் வெட்டும். இயல்பிலேயே வன்முறையாளர் என்றால் இவர் திருந்தார், நெடுங்காலம் அடைத்து வையுங்கள் என்று அடுத்த நீதிபதி கூறலாம்.

நம் மரபில் இவ்வினா

மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளியா என்பது நமக்குப் புதிய வினாவன்று. மனிதனுக்குத் தெரிவே இல்லை என்ற ஜப்ரிய்யாக்களுக்கும், செயல் முழுவதும் மனிதனுடையதே என்ற கதரிய்யாக்களுக்கும் இடையே நடந்த விவாதத்தை அகீதா நூல்களில் நாம் பயில்கிறோம். மரபணுவைப் பற்றி முன்னோர் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று, அவர்கள் அறியவில்லை, அறிந்திருக்கத் தேவையுமில்லை. மனிதர்களை உற்றுநோக்கி அவர்கள் வகுத்த நெறி இன்றைய வினாவுக்கும் பயன்படுகிறது என்பதே நாம் சொல்ல விரும்புவது.

அப்துல் கைஸ் குலத்து அஷஜ்ஜு என்பாரிடம் சகிப்பும் நிதானமும் இருப்பதை நபி (ஸல்) அவர்கள் பாராட்டியபோது, இவை தாமே பழகிக்கொண்டவையா, இறைவன் தம் இயல்பில் அமைத்தவையா என்று அவர் வினவினார். இயல்பில் அமைந்தவை என விடை கிடைத்தது. சகிப்பைப் பழகப் பழகவே சகிப்பு வரும் என்னும் கருத்தில் வேறோர் அறிவிப்பும் உண்டு. ஆகவே இயல்பாய் அமைந்த குணமும் உண்டு. பயிற்சியால் வரும் குணமும் உண்டு.

பொறுப்பைக் குறைக்கும் தடைகளை ஹனஃபீ உஸூல் நூல்கள் இரண்டாக வகுக்கின்றன. சிறுபருவம், பைத்தியம், அறிவு மந்தம், மறதி, உறக்கம் போன்று மனிதன் கையில் இல்லாதவை ஒரு வகை. போதை, அறியாமை, நிர்ப்பந்தம் போன்று மனிதர்களின் செயலால் வருபவை மற்றொரு வகை. பைத்தியத்தையும் அறிவு மந்தத்தையும் தனித்தனியே பிரித்து வெவ்வேறு சட்டம் கூறியிருப்பது, பொறுப்புக்குப் படித்தரங்கள் உண்டு என்பதைக் காட்டுகிறது. அந்த டச்சுக் குடும்பத்து ஆண்களையும், நொதி சற்றே குறைந்த மூவரில் ஒருவரையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்பதற்கு இவ்வணுகுமுறை துணை நிற்கும். ஹிஜ்ரீ 18-ஆம் ஆண்டில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்கான கைவெட்டும் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள் என்பது நாம் அறிந்த வரலாறு. திருடியவனின் கையை நோக்குமுன் அவனுடைய ஊரின் அடுப்பை நோக்கினார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில், குணத்தை மாற்ற முடியாது என்போருக்கு விடையளிக்கையில் பேரீச்சங்கொட்டையை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்கள். அக்கொட்டை இப்போது பேரீச்ச மரமுமன்று, ஆப்பிள் மரமுமன்று. பராமரித்தால் பேரீச்ச மரமாகும் தன்மை அதற்கு உண்டு. எவ்வளவு பராமரித்தாலும் அது ஆப்பிள் மரமாகாது. கோபத்தை வேரோடு அகற்ற இயலாது. ஆனால் அதை வசப்படுத்த இயலும். சிலருடைய இயல்பு விரைவில் மாறும், சிலருடையது மெதுவாக மாறும் என்பதும் அவர்கள் கருத்து.

விதையும் மண்ணும்

அந்தச் சிறுவனைப் பற்றிய எஞ்சிய செய்தியைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. அவனுக்கு முன்கோபம் இருந்தது. சேர்ந்த மூன்றாம் மாதம், தந்தையைக் குறித்துக் கேலி செய்த மாணவனை அவன் ரைஹாலால் அடித்துவிட்டான். ‘எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது’ என்று சொன்ன நாம் வளர்ப்பு என்று அறிந்திருந்தது பிரம்பு ஒன்றைத்தான். அனைவர் முன்னிலையிலும் அவனை அடித்தோம். மற்ற பிள்ளைகள் இரண்டு அடியில் அடங்கிவிடுவார்கள், இவன் அடங்கவில்லை. ஆகவே இன்னும் அடித்தோம். இரண்டாம் ஆண்டு விடுமுறைக்குச் சென்றவன் திரும்பி வரவில்லை. “நான் அன்றே சொன்னேன், ஹஜ்ரத்” என்றார் ஹாஜியார். நம்மிடம் அன்று விடை இருக்கவில்லை.

இன்று இருக்கிறது. அவனுடைய மரபணு எவ்வகையினது என்பதை எவரும் சோதித்ததில்லை, சோதிக்கத் தேவையுமில்லை. சில பிள்ளைகளுக்கு அடி ஆழமாகப் பதியும் என்பதும், அத்தகையோர் யார் என்பது முகத்தில் எழுதியிராது என்பதும் தெரிந்தாலே போதும். கையிலிருக்கும் பிரம்பைக் கீழே வைத்துவிடலாம். ஹாஜியார் விதையை மட்டும் பார்த்தார். நாம் விதைகள் யாவும் ஒன்றே என்று எண்ணி, எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீரை ஒரே வேகத்தில் ஊற்றினோம். அவர் கைவிடச் சொன்னார். நாம் கைவிடாமலே கெடுத்தோம். இரண்டும் சிறுவனுக்கு ஒன்றாகவே முடிந்தன.

முரட்டுக் குடும்பத்துப் பிள்ளை என்று ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டால், அவனைச் சேர்க்கலாமா என்று நாம் இப்போது கேட்பதில்லை. அவனுக்கு எந்த உஸ்தாதின் பொறுமை தேவைப்படும் என்று கேட்கிறோம். மரபணுவும் மூளையும் பற்றி அறிவியல் இதுவரை கூறியவற்றிலிருந்து ஓர் ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுவென்றே நாம் கருதுகிறோம். எவனுடைய இயல்பு கடினமானதோ, அவனுக்கே நல்ல சூழல் மற்றவர்களைவிட மிகுதியாகத் தேவை. அதை அளிப்பது அவனுடைய குருதியின் கடமையன்று, நம்முடைய கடமை.